ஆளை அழிக்கிற சாப்ட்வேர்

தாலி கட்டுகிற நேரத்தில் பெண்ணின் கழுத்துக்குக் குறுக்கே ஒரு கம்பெனியின் பேர் ஓடியது. வெள்ளை எழுத்து, பாதி தெரிகிற மாதிரி, சாய்வாக. மாப்பிள்ளை முடிச்சுப் போடுவது அந்த எழுத்துக்குப் பின்னால்தான் நடந்தது. காசு கட்டினால் பேரை எடுத்துவிடுகிறோம் என்று மூலையில் ஒரு பொட்டி வந்து நின்றது. தனப்பிரியா அதை மூடினாள். அது இன்னொரு மூலையில் திறந்துகொண்டது.

“சீ” என்றாள்.

அந்த வாரம் அவள் போட்டுப் பார்த்த மூன்றாவது எடிட்டிங் சாப்ட்வேர் அது. ஓசி என்று சொல்லித்தான் உள்ளே விடுகிறார்கள். நான்கு மணி நேரக் கலியாணத்தை முக்கால்வாசி வெட்டி ஒட்டி முடித்த பிறகு, வெளியே எடுக்கப் போகும்போது வாசலில் நின்று கையை நீட்டுகிறார்கள். சாராயக்கடையில்கூட இப்படி இல்லை, அங்கே முதலிலேயே காசைக் கேட்டுவிடுவான்.

பள்ளிபாளையத்தில் தறிக்கூடங்களுக்கு நடுவே இரண்டு அறை ஓட்டு வீடு அவளுடையது. பின்சுவருக்கு அந்தப் பக்கம் தறிகள் அடித்துக்கொண்டே இருக்கும். பன்னிரண்டாவது முடித்ததும் அந்தத் தறிகளில்தான் அவளும் நின்றாள். கலியாணமாகியும் நின்றாள். பஞ்சு நெஞ்சில் இறங்கி, பேசினால் இருமல், படுத்தால் இருமல் என்று ஆனபோது போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் நந்தகுமாரிடம் போய் எடிட்டிங் கற்றுக்கொண்டாள். பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வீட்டிலேயே வேலையைத் தொடங்கினாள். அவன் கலியாணங்களைப் படம் பிடித்து ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுவந்து கொடுப்பான். இவள் வெட்டி ஒட்டிக் கொடுப்பாள். வீடியோவின் முடிவில் வருவது அவன் ஸ்டுடியோவின் பேர்.

தை பிறந்தால் முகூர்த்தங்கள் வரிசையாக வரும். அதற்குள் உருப்படியான ஒரு சாப்ட்வேர் கையில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் நந்தகுமார் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வான், இவள் தறிக்குத் திரும்ப வேண்டியதுதான். ஆள் பத்தவில்லை, உன் பொண்டாட்டியை அனுப்பு என்று தறிக்காரர் அவள் புருசன் அன்பரசுவிடம் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தார். அன்பரசு சாயப்பட்டறையில் வேலை செய்கிறவன். சாயந்திரம் வீட்டுக்கு வரும்போது ஒரு நாள் நீலக் கையோடு வருவான், ஒரு நாள் சிவப்புக் கையோடு வருவான். அந்தக் கையால் சோறு பிசைவதைப் பார்க்க அவளுக்கு இன்னும் பழகவில்லை.

ஐப்பசி வரைக்கும் அவள் ஓட்டிக்கொண்டிருந்தது திருட்டு சாப்ட்வேர். இந்தப் பக்கம் எல்லோரும் அதைத்தான் ஓட்டுகிறார்கள். சேலத்தில் ஒரு மாடிக் கடையில் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தான் ஒருவன். ஆயுசுக்கும் ஓடும் என்றான். கொஞ்ச காலம் ஓடத்தான் செய்தது. அப்புறம் திறக்கும்போதெல்லாம் சீட்டாட்ட விளம்பரம் வந்தது. அடுத்து அரைகுறைத் துணியோடு பொம்பளைகள் வந்தார்கள். கலியாணப் பெண்ணுக்குப் பொட்டு வைக்கிற காட்சியில் வேலை செய்துகொண்டிருக்கும்போது ஓரத்தில் ஒருத்தி இடுப்பை ஆட்டிக்கொண்டிருப்பாள். ஒரு நாள் கம்ப்யூட்டரில் இருந்த பைல் ஒன்றுகூடத் திறக்கவில்லை. எல்லாவற்றுக்கும் பின்னால் தெரியாத எழுத்துகள் வால் மாதிரி தொங்கின. பணம் அனுப்பினால் திருப்பித் தருகிறோம் என்று இங்கிலீஷில் ஒரு கடுதாசி மட்டும் திறந்தது.

சேலத்துக்காரனிடம் போய்க் கேட்டாள். அவன் சிம் கார்டு எடுக்கிற ஊசியால் நக அழுக்கைத் தோண்டிக்கொண்டே, உங்கள் நெட்டு சரியில்லைங்க என்றான். தோண்டிய அழுக்கை மேசை விளிம்பில் துடைத்துவிட்டு, புதுசு வந்திருக்கிறது, உங்களுக்குப் பாதி விலை என்று அதே கையால் இன்னொரு பென் டிரைவை நீட்டினான். அவள் வாங்கவில்லை. பஸ்ஸில் வரும்போது அந்த விரல்தான் கண்ணுக்குள் நின்றது. நல்லவேளை, படம் பிடித்ததெல்லாம் நந்தகுமாரின் டிஸ்க்கில் பத்திரமாக இருந்தது. இவளுடைய கம்ப்யூட்டரைத்தான் கழுவித் துடைத்துப் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது.

யூடியூபில் தேடினால் தாடி வைத்த பையன்கள் வரிசையாக வந்து, ஓசி சாப்ட்வேர் பத்து என்று கையை ஆட்டிப் பேசினார்கள். கீழே பார்த்தால் பத்துக்கும் தள்ளுபடி லிங்க். எவனும் ஒரு கலியாணத்தை முழுசாக வெட்டிப் பார்த்தவனாகத் தெரியவில்லை. பெரிய கம்பெனி ஒன்று மாச வாடகைக்குக் கொடுத்தது. ஆனால் வருசம் பூராவும் கட்டுகிறேன் என்று ஒத்துக்கொண்டால்தான் அந்த மாச வாடகை. நடுவில் நிறுத்தினால் அதற்கும் தண்டம். ஆடியில் கலியாணம் கிடையாது, மார்கழியில் கிடையாது, வாடகைக்கு ஆடியும் தெரியாது மார்கழியும் தெரியாது. போனில் ஓடுகிற ஒன்றையும் போட்டுப் பார்த்தாள். அது கேட்காமலே கறுத்த முகங்களையெல்லாம் சுண்ணாம்பு அடித்த சுவராக்கியது. சமையல்காரர்கள்கூட வெளுத்துப் போனார்கள். ஒவ்வொரு துண்டாகத் தேடி அதை அணைக்க வேண்டியிருந்தது. மறுநாள் திறந்தால் மறுபடியும் எல்லோரும் வெளுப்பு.

நான்காவதாகப் போட்டதுதான் நிலைத்தது. சினிமாக்காரர்களும் வைத்துக்கொள்கிற சாப்ட்வேர். அதன் ஓசி வடிவத்தில் குறுக்கே பேர் ஓடவில்லை, ஓரத்தில் யாரும் இடுப்பை ஆட்டவில்லை. அவளுடைய பழைய கம்ப்யூட்டருக்கு மட்டும் அது பெரிய பாரம். காற்றாடி ஊளையிட்டது, படம் நின்று நின்று நகர்ந்தது. எல்லாத் துண்டுகளையும் முதலில் சின்ன அளவில் நகல் எடுத்து, நகலில் வெட்டி முடித்து, கடைசியில் பெரிய படத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பதைக் கண்டுபிடித்தாள். தமிழில் பேர் போட்டால் கொம்பு ஓரிடத்திலும் எழுத்து ஓரிடத்திலும் போய் விழுந்தது. அதற்குப் போனில் பேரை எழுதி, படமாக்கிக் கொண்டுவந்து ஒட்டினாள். சில கருவிகளுக்கு மேல் மட்டும் பூட்டு தொங்கியது. காசு கட்டினவர்களுக்கு என்று அர்த்தம். அதில் ஒன்றும் அவளுக்குத் தேவைப்படவில்லை. ரொம்ப நாள் கழித்து அசிங்கமில்லாத ஒரு மேசையில் உட்கார்ந்து வேலை செய்கிற மாதிரி இருந்தது.

அதில் அவள் முடித்த முதல் கலியாணம் சின்னுசாமி வீட்டுக் கலியாணம். திருச்செங்கோட்டுப் பக்கம் தோட்டம் துரவோடு இருக்கிறவர். போர்வெல் போடுகிற ரிக் வண்டிகள் மூன்று வடக்கே ஓடுகின்றன. மகன் அறிவழகனுக்குக் கலியாணம். நந்தகுமாருக்கு இதுவரை கிடைத்ததிலேயே பெரிய கிராக்கி.

அந்த வீடியோவில் அவளுக்கே பிடித்த இடம் இணைச்சீர். முகூர்த்தத்துக்கு முன்னால் மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவளை மணப்பெண் மாதிரி அலங்காரம் செய்து, அண்ணனோடு சேர்த்து உட்கார வைத்துச் செய்கிற சீர். கூறைச்சேலையின் ஒரு முனை அவனிடம், மறுமுனை அவளிடம். தங்கை இல்லாத வீட்டில் சித்தப்பன் மகளாவது வந்து உட்கார்ந்தாக வேண்டும், அது இல்லாமல் இந்தப் பக்கம் கலியாணம் நிறையாது. அறிவழகனுக்குத் தங்கை இருந்தாள், பேர் யுவஸ்ரீ. சேலை முனையைக் கையில் பிடித்துக்கொண்டு அண்ணன் காதில் என்னவோ சொல்கிறாள். அவன் சபை என்றுகூடப் பார்க்காமல் பொங்கிச் சிரிக்கிறான், அவளும் பல் தெரியச் சிரிக்கிறாள். அந்த இடத்தில் மட்டும் தனப்பிரியா பாட்டு எதுவும் போடவில்லை. சிரிப்பை அப்படியே விட்டிருந்தாள்.

வீடியோவைக் கொடுக்கப் போகிற வாரத்தில் நந்தகுமார் போன் செய்து, கொடுக்காதே, வீட்டுக்காரர்களே வருகிறார்கள் என்றான். அண்ணன் கலியாணம் முடிந்து இரண்டு மாசம்கூட ஆகவில்லை, யுவஸ்ரீ காலேஜில் கூடப் படித்த பையனோடு போய் ரிஜிஸ்டர் செய்துகொண்டாள். வேறு சாதிப் பையன். ஓசூரில் இருக்கிறார்களாம்.

சின்னுசாமியையும் அவர் சம்சாரம் பழனியம்மாளையும் நந்தகுமார் கூட்டி வந்தான். கார் சந்துக்குள் நுழையவில்லை. சாக்கடையைத் தாண்டி நடந்து வந்ததில் அந்தம்மா சேலையைத் தூக்கிப் பிடித்தபடியே வாசல் வரைக்கும் வந்தது, உள்ளே வந்தும் கீழே விடவில்லை. கொடுத்த தண்ணீரை வாங்கி ஜன்னல் திட்டில் வைத்தது, குடிக்கவில்லை. சின்னுசாமி மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரை ரிக் வண்டியின் இன்ஜினைப் பார்ப்பது மாதிரி சுற்றிப் பார்த்தார்.

“அம்மிணி, அந்தப் புள்ள ஒரு எடத்துலகூட வரக்கூடாது” என்றார். “நாங்க தல முழுகிப்போட்டோம். இருந்தான்னே இருக்கக்கூடாது, புரியுதா சாமி?”

தனி ஆளாக வருகிற இடத்தை வெட்டிவிடலாம், மாப்பிள்ளையோடும் பெண்ணோடும் சேர்ந்து நிற்கிற இடத்தில் எப்படி வெட்டுவது என்று தனப்பிரியா கேட்டாள். நந்தகுமார் வாயில் ஹான்ஸ் புகையிலையை ஒதுக்கிக்கொண்டு, அதற்கு டூல் இருக்கிறது, ஆளைச் சுற்றிக் கோடு போட்டால் அதுவே அழித்துக்கொள்ளும் என்றான். அது பூட்டுப் போட்டதுங்கண்ணா, காசு கட்டுகிற வடிவத்தில்தான் வரும் என்றாள். எவ்வளவு என்று கேட்டார் சின்னுசாமி. நந்தகுமார் சொன்னான். அவர் சிரித்தார்.

“எங்க வண்டியில தொளை போடற ஒரு பிட்டு தேயற காசு. நம்ம பையன் இப்பவே வாங்கிக் குடுத்துருவான். வேல முடிஞ்சா நீயே வெச்சுக்க. தையில எங்க ஒறம்பரை வூடுகள்ல ஆறு கலியாணம் இருக்குது, எல்லாம் உனக்குத்தான்.”

வாங்கினது அறிவழகனின் கார்டில், அவனுடைய மெயிலில். பாஸ்வேர்டைப் போனில் சொன்னான். தங்கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று பாஸ்வேர்டை மட்டும் இரண்டு தடவை திருப்பிச் சொன்னான். கருவிகள் மேல் தொங்கிய பூட்டெல்லாம் ஒரே சமயத்தில் மறைந்தது. அவள் காசில் நினைத்தும் பார்க்க முடியாதது, ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் வந்து சேர்ந்துவிட்டது.

அன்பரசு சந்தோசப்பட்டான். அவள் முகம் சரியில்லாததைப் பார்த்து, “தையக்காரன் அளவுக்குத் தெச்சுக் குடுக்கறான். யாரு போடறாங்க, எதுக்குப் போடறாங்கன்னு கேக்கறானா புள்ள? நாங்கூடத்தான் சாயம் போடறேன். எந்தத் தண்ணியில போயி உழுகுதுன்னு பாத்தா நாளைக்கு வேலைக்குப் போவ முடியுமா?” என்றான். அவன் கை அன்றைக்குப் பச்சை. அவள் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

ஆளை அழிப்பது அத்தனை கஷ்டமில்லை. அதுவே ஒரு அசிங்கம். யுவஸ்ரீயைச் சுற்றிக் கோடு போட்டால் மிஷின் கொஞ்ச நேரம் யோசித்தது. அப்புறம் அவள் இருந்த இடத்தில் பின்னால் இருந்த பூத்தட்டியையோ சுவரையோ இழுத்து நிரப்பியது. வாசலில் பன்னீர் தெளிக்கிறவள் போனாள். வரவேற்புத் தட்டோடு நின்றவள் போனாள். பந்தியில் உட்கார்ந்திருந்த இடத்தில் ஆள் போய்விட்டது, இலை மட்டும் இருந்தது, ரசத்துக்குக் குழி பறித்த சோறோடு. இலையையும் அழித்தாள். ஒரு இடத்தில் மிஷின் கையை அழித்து வளையலை விட்டுவிட்டது. வளையல் காற்றில் ஆடிக்கொண்டு போனது. இன்னொரு இடத்தில் அதற்கு என்ன போட்டு நிரப்புவதென்று தெரியவில்லை. தோல் நிறத்தில் கண் மூக்கு இல்லாத ஒரு கட்டியை உருட்டிவைத்தது. தனப்பிரியா எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்து, ஒவ்வொரு படமாக நிறுத்தி அந்தக் கட்டியைச் சுரண்டினாள்.

இணைச்சீரில்தான் மாட்டிக்கொண்டாள். யுவஸ்ரீயை அழித்தாயிற்று. சேலையை என்ன செய்வது? சேலையை அழித்தால் அண்ணன்காரன் வெறுங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். மொத்தமாக வெட்டினால் கலியாணத்தில் இணைச்சீரே இல்லை என்றாகும். கடைசியில் சேலையை விட்டுவிட்டாள். கூறைச்சேலை அவனிடமிருந்து நீண்டு போய், யாருமில்லாத பலகைக்கு மேலே, பிடித்தவள் பிடித்த உயரத்தில் அந்தரத்தில் நின்றது. நடுவில் லேசாகத் தொய்வு வேறு. அறிவழகன் அந்தப் பக்கம் திரும்பி, இல்லாத ஒருத்தியைப் பார்த்துப் பொங்கிச் சிரித்தான். சத்தத்தில் அவள் சிரிப்பு இன்னும் இருந்தது. அதன் மேல் நாதஸ்வரத்தைப் போட்டு மூடினாள்.

ஓட்டிப் பார்த்தபோது வேலை சுத்தமாக இருந்தது. விளிம்பு தெரியவில்லை, நிறம் மாறவில்லை. இந்த ஊரில் வேறு எவனும் இப்படிச் செய்திருக்க மாட்டான் என்று மனசுக்குள் ஒரு மிதப்பு வந்தது. அந்த மிதப்பைக் கண்டு அவளுக்கே அருவருத்தது, திரையை அணைத்தாள்.

கொடுத்து அனுப்பினாள். நன்றாக இருக்கிறது என்று சின்னுசாமி சொன்னதாக நந்தகுமார் சொன்னான். அவள் அதோடு முடிந்தது என்று நினைத்தாள்.

பொங்கல் நெருங்குகிற சமயத்தில் மறுபடியும் வந்தார்கள். சம்பந்தி வீட்டாரை விருந்துக்குக் கூப்பிட்டு, புது டிவியில் வீடியோவைப் போட்டிருக்கிறார்கள். பெண்ணுக்குத் தாய்மாமன் முறையான ஒரு ஆள் இணைச்சீர் வந்ததும் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்து, ஏனுங்க, சேலை தானாக நிற்கிறது, பேய் வந்து சீர் செய்ததா என்று கேட்டிருக்கிறான். அவர்கள் பக்கத்துப் பொம்பளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறார்கள். எல்லோரும் கலியாணத்துக்கு வந்தவர்கள்தான், பலகையில் யார் உட்கார்ந்தது என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் சிரித்தார்கள். நாளைக்கு மருமகளுக்கு ஒரு தலைவலி வந்தாலும், இணைச்சீர் குறைபட்ட கலியாணம் என்று பேச்சு கிளம்பும் என்பது பழனியம்மாளின் கவலை.

இந்தத் தடவை அந்தம்மா ஒரு பெண்ணையும் கூட்டி வந்திருந்தது. சின்னுசாமியின் தம்பி மகள் மோகனப்பிரியா. கலியாணமாகி நாமக்கல்லில் இருக்கிறவள். பட்டுச்சேலை கட்டி, நகை போட்டு, தலை நிறையப் பூ வைத்து, பட்டப்பகலில் சாக்கடைச் சந்து வழியாக நடத்திக் கூட்டி வந்திருந்தார்கள். எதற்கென்று தனப்பிரியாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

“ஒடம்பு அப்படியே இருக்கட்டும்” என்றார் சின்னுசாமி. “மூஞ்சிய மட்டும் மாத்திப்போடு. இவ மூஞ்சி. இவளும் எனக்குப் புள்ளதானே, சித்தப்பன் மக செய்யறது மொறதான்.”

அழித்ததைத் திருப்பிக் கொண்டுவந்து, அந்தக் கழுத்தின் மேல் இந்தத் தலையை வைக்க வேண்டும். நந்தகுமார் கேமராவும் விளக்கும் கொண்டுவந்திருந்தான். மோகனப்பிரியாவை சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு, குனி என்றான். ஆஸ்பத்திரியில் படம் எடுப்பது மாதிரி இருந்தது. பின்சுவரில் தறி அடித்துக்கொண்டிருந்தது. பழனியம்மாள் கம்ப்யூட்டர் திரையில் நின்றிருந்த தன் மகளையும் நாற்காலியில் இருந்தவளையும் மாறி மாறிப் பார்த்தது. அவளுக்குப் பூ இந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்று சொல்லி, இவள் பூவைச் சரித்தது. விரலை நாக்கில் தொட்டு, இவள் நெற்றியில் பறந்த முடியை எச்சிலால் ஒட்டியது. வகிடு சரியாக இருக்கிறதா என்று பின்னால் தள்ளி நின்று பார்த்தது. சந்தையில் ஜோடி மாடு பிடிக்கிறவர்கள் கொம்பும் திமிலும் பொருந்துகிறதா என்று பார்ப்பார்களே, அந்தப் பார்வை. இத்தனை நேரமும் தூக்கிப் பிடித்திருந்த சேலையை இதற்காகக் கீழே விட்டுவிட்டது.

“இப்பச் சிரி” என்றான் நந்தகுமார்.

மோகனப்பிரியா திரையைப் பார்த்தாள். சின்ன வயசில் இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்களாக இருக்கும். அவள் தனப்பிரியாவைப் பார்த்துக் கேட்டாள், வேலையைச் சரியாகச் செய்ய வேண்டும் என்கிற குரலில்தான் கேட்டாள்:

“ஏனுங்கக்கா, அவ சிரிச்சாப்பலயே நானும் சிரிக்கோணுமுங்களா?”

நந்தகுமார் விளக்கை நகர்த்தினான். பழனியம்மாள், கொஞ்சம் பல்லுத் தெரியச் சிரி கண்ணு, அவளுக்குப் பல்லுத் தெரியும் என்றது.

தனப்பிரியா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். இது ஆகாதுங்க என்றாள்.

சின்னுசாமி ஒன்றும் கோபப்படவில்லை. அந்த சாப்ட்வேரில் வராதா, வேறு வாங்க வேண்டுமா என்று கேட்டார். நந்தகுமார் அவருக்குப் பின்னால் நின்று அவளுக்குக் கண்ணைக் காட்டினான். வராது என்று சொல்லித் தொலை, பிழைத்துப் போ என்கிற ஜாடை. சுலபமான வழிதான். சொல்லியிருந்தால் ஆறு கலியாணமும் கையில் இருந்திருக்கும், சாப்ட்வேரும் இருந்திருக்கும். அவள் நாக்கு வரைக்கும் அது வந்தது. வந்தபோது, பந்தியில் அவள் அழித்த அந்த இலை ஏனோ கண்ணுக்குள் வந்து நின்றது.

“சாப்ட்வேர்ல வருமுங்க” என்றாள். “நாந்தான் பண்ண மாட்டேன்.”

“அழிக்கறதுக்கு மட்டும் கை வந்துச்சா?” என்று கேட்டது பழனியம்மாள்.

கேட்டது சரிதான். “வந்துச்சுங்க. அது போதுமுங்க” என்றாள்.

சின்னுசாமி எழுந்து வேட்டியைத் தட்டினார். நம் சாப்பாட்டைத் தின்றவர்களுக்கு நம் இலை நாறுகிறதாம் என்று நந்தகுமாரிடம் சொன்னார், அவளிடம் சொல்லவில்லை. மோகனப்பிரியா பூவைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு கடைசியாகப் போனாள். நந்தகுமார் ஹார்ட் டிஸ்க்கின் ஒயரைப் பிடுங்கினான். வாசலில் நின்று சாக்கடையில் துப்பிவிட்டு, “தறியில கெடந்தவளக் கொண்டாந்து சேர்ல உக்கார வெச்சேன் பாரு, என்னையச் சொல்லோணும்” என்றான். துப்பினதில் பாதி படியிலேயே விழுந்தது. அவர்கள் கார் வரைக்கும் போயிருக்க மாட்டார்கள், திரையில் சாப்ட்வேர் தானாக மூடிக்கொண்டு பாஸ்வேர்டு கேட்டது. அப்பாவின் போன் போனதும் அறிவழகன் வீட்டிலிருந்தே மாற்றிவிட்டிருந்தான். அவள் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து படியைக் கழுவினாள்.

அன்பரசு வந்து விசயத்தைக் கேட்டுக்கொண்டான். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, தறிக்காரர் கேட்டால் என்ன சொல்லட்டும் என்றான். வரலைன்னு சொல்லுங்க என்றாள். அப்ப என்னதான் பண்ணப்போற என்று கேட்டான். தெரியலைங்க என்றாள். அது நிசம்.

தை முழுக்க ஒரு கலியாணமும் வரவில்லை. வேலை நின்றதே தவிர உலகத்தில் ஒன்றும் நிற்கவில்லை. ஈரோட்டில் ஒரு ஆள் ஓசி ஆப் ஒன்றில், மத்தியானம் சாப்பிட்டு எழுவதற்குள் மூஞ்சியை மாற்றிக் கொடுத்துவிட்டான். நந்தகுமார் அதைத் தன் வேலைக்குச் சாம்பிளாக வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்திருந்தான். பலகையில் யுவஸ்ரீயின் உடம்பு. அதன் மேல் மோகனப்பிரியா. அண்ணன் காதில் சொல்லக் குனியும்போது வாய் மட்டும் கன்னத்துக்கு நழுவிப் போய்த் திரும்பி வந்தது. கீழே அவனே பூங்கொத்துப் படம் போட்டிருந்தான். தனப்பிரியா ஒரு தடவை பார்த்தாள். ஒரு ஆளை இல்லாமல் ஆக்க முதலில் கோடு போட்டவள் அவள்தான்.

காசு கட்டின வடிவத்தை எடுத்துவிட்டு, பூட்டுகள் தொங்குகிற பழைய ஓசி வடிவத்தையே திரும்பப் போட்டாள். செய்துவைத்திருந்த அமைப்புகள் எல்லாம் போயிருந்தன. முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் தேடி வைத்தாள். என்ன வீடியோவாக இருந்தாலும் வெட்டிக் கொடுக்கப்படும் என்று தன் ஸ்டேட்டஸில் போட்டாள். நந்தகுமாரின் பேர் இல்லாமல் அவளுடைய பேரே அதில் இருந்தது. இரண்டு பேர் கூப்பிட்டு, கறுத்த பிள்ளையை வெளுப்பாக்க முடியுமா என்று விசாரித்தார்கள். ஒருவன் வேறு மாதிரி வீடியோ ஏதாவது எடிட் செய்வீர்களா என்று கேட்டான். அவன் நம்பரை அடைத்தாள்.

மாசியில் மேச்சேரிப் பக்கத்திலிருந்து கந்தப்பன் என்கிற ஒருத்தர் கூப்பிட்டார். செம்மறி வளர்க்கிறவர். கெடாக்களை விற்பதற்கு யூடியூபில் வீடியோ போட வேண்டும், போனில் பிடித்து வைத்திருக்கிறேன், கொஞ்சம் பார்க்கிற மாதிரி ஆக்கிக் கொடு சாமி என்றார். அனுப்பினார். பட்டியும் புழுக்கையுமாக, படம் ஆட ஆடப் பிடித்திருந்தார். இரண்டு இடத்தில் அவர் கட்டைவிரல்தான் தெரிந்தது. தனப்பிரியா உட்கார்ந்து வெட்டினாள். வெட்டி முடித்து, பழக்க தோசத்தில் போனைப் போட்டு, நிறத்தைக் கொஞ்சம் ஏற்றட்டுமா என்று கேட்டாள்.

“எதுக்கு? வாங்கறவன் நேர்ல வந்து வாயப் பொளந்து பல்லப் பாத்துப்போட்டுத்தான் வெலையே பேசுவான். இருக்கறாப்பல இருக்கட்டும்” என்றார். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு, “அந்த மூணாவது கெடா நடக்கற எடத்தை மட்டும் வெட்டிப்போடு சாமி. முன்னங்கால லேசா நொண்டுது” என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதன் கூடவே அந்தப் பழைய கசப்பும் வாய்க்குள் வந்தது. வெட்ட மாட்டேனுங்க என்றாள். நொண்டுதுன்னு எழுதி, வெலையக் கொறச்சுப் போடலாமுங்க. இல்லீன்னா அந்தக் கெடாவையே எடுத்துடலாமுங்க. நடக்கறத மட்டும் மறைக்க மாட்டேன்.

எதிர்முனையில் ஆடு கத்துகிற சத்தம் கேட்டது. அவர் யாரிடமோ அதட்டிவிட்டு வந்தார். வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்பார் என்று அவள் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தாள். சுவருக்குப் பின்னால் தறி ஓடிக்கொண்டிருந்தது, ஷிப்டு மாறுகிற நேரம்.

“எடுத்துப்போட்டா அது எங்கிட்டயேதான் கெடக்கோணும்” என்றார் கந்தப்பன். “செரி, எழுதிப்போடு. ஆனா லேசான நொண்டின்னு எழுது, சும்மா நொண்டின்னு எழுதிப்போடாத.”

அந்தத் துண்டை நான்கைந்து தரம் ஓட்டிப் பார்த்தாள். லேசாகத்தான் நொண்டியது. அப்படியே எழுதினாள்.